கையை அமுக்கிக் காட்டும் வித்தை

உடலில் ஒட்டினால் சக்தி கூடும் என்று சொல்லப்படும் ஸ்டிக்கர்தான் எனர்ஜி பேட்ச். அதை விற்பவர் முதலில் கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்வார். மணிக்கட்டில் அமுக்குவார்; கை இறங்கிவிடும். பேட்ச் ஒட்டியபின் நாலு விரல் தள்ளி, முழங்கைப் பக்கமாக அமுக்குவார், அசையாது. நெம்புகோல் கணக்குதான். இரண்டாம் முறை நாமும் உஷாராக இருப்பது அவருக்கு போனஸ்.

2017-இல் அமெரிக்காவின் கூப் என்ற உடல்நல இணையதளம் பரிந்துரைத்த, இதே ரகமான பாடி வைப்ஸ் ஸ்டிக்கர் 10 எண்ணம் 60 டாலர். விண்வெளி உடையின் கார்பன் பொருளாம்! உடையில் அப்படியொன்றே இல்லை என்று நாசா சொன்னதும் அந்த வரி காணாமல் போனது.

சோதிக்க, அதே அளவில் சாதா பிளாஸ்திரி வெட்டுங்கள். ஒருவர் நாணயம் சுண்டி, இரண்டில் ஒன்றை உங்கள் முதுகில் ஒட்டிவிட்டு அறையை விட்டுப் போகட்டும். மேலே சட்டை. பிறகு விற்பவர் அமுக்கிப் பார்த்து எது என்று சொல்லட்டும். 10 தடவை. ஐந்தாறு சரியாக வருவது குருட்டாம்போக்கு. ஒன்பது வந்தால் பேசலாம்.