சுங்கை சிப்புட்டில் ஒரு மயான காண்டம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் இருக்கிறது சுங்கை சிப்புட். ரயிலிலும் போகலாம், இடிஎஸ் என்னும் மின்சார ரயில் நின்று போகிறது. ஒரு காலத்தில் ரப்பர் காடாக இருந்த பக்கமெல்லாம் இன்று பெரும்பாலும் செம்பனைதான், எண்ணெய் எடுக்கும் பனை. 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு, நாட்டில் அவசரகாலம் வந்தது. சரித்திரப் பாடத்தில் ஊரின் பெயர் வருவது அதனால்தான். நம்மவர்களுக்கு இது அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் ஊர், மகாத்மா காந்தி கலாசாலை இருக்கும் ஊர். நான் போனது, தோட்டங்களில் விடிய விடிய நாடகம் ஆடிய பெரியவர்களின் பேச்சைக் கேட்க.

கோயில் மண்டபத்தில் பொது உரையாடல். மாலை, பொன்னாடை, வாழ்த்துரை என்று பாதிப் பொழுது போய்விட்டது. அந்த நேரத்தையும் பெரியவர்களுக்கே கொடுத்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்தான்.

மேடையில் மூன்று பேர். ஒருவர் ராஜா வேடம் கட்டும் ராஜபார்ட், ஒருவர் பெண் வேடம் கட்டும் ஸ்திரீபார்ட், மூன்றாமவர் ஹார்மோனியம். மூவருமே பால்மரம் வெட்டியவர்கள். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, மங்கு என்னும் கோப்பையில் பால் எடுத்து முடித்து, பொழுது சாய்ந்ததும் லயத்து வாசலில், தொழிலாளர் வரிசை வீடுகளின் முன்னால் ஒத்திகை. கோயில் திருவிழாவுக்கு மாதக்கணக்கில் இப்படிப் பழகுவார்களாம். சம்பள நாளில் வீட்டுக்கு வீடு வசூல். தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டிலும் கேட்பார்களாம்.

"மைக் இல்லாம எப்படித் தாத்தா பாடுனீங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"அஞ்சு கட்டை சுருதியில புடிக்கணும் பாப்பா. அதுக்குக் கீழ எறங்குனா கடைசியில பாய் விரிச்சிருக்கிறவங்களுக்குக் கேக்காது" என்றார் ராஜபார்ட். ஹார்மோனியக்காரர் உடனே அந்தக் கட்டையை அழுத்திக் காட்டினார். இவ்வளவு உயரத்திலா இரவு முழுக்கப் பாடினார்கள் என்று மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்புறம் யாரோ அரிச்சந்திரன் நாடகத்தின் சுடுகாட்டுக் காட்சியான மயான காண்டம் கேட்டார்கள். பாம்பு கடித்து இறந்த லோகிதாசனைச் சந்திரமதி சுடுகாட்டுக்குத் தூக்கி வருகிறாள். காவல் நிற்கும் அரிச்சந்திரனுக்கு அது தன் பிள்ளை என்று தெரியாது. கால் பணமும் முழத்துண்டும் கொடுத்தால்தான் பிணம் வேகும் என்கிறான். ராஜபார்ட் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வலது கையை மட்டும் நீட்டினார், கூலி கேட்கிற கை. குரல் மேலே போய் ஓரிடத்தில் பிசிறியது, அதையே பிடித்து அழுகையாக மாற்றிவிட்டார். ஸ்திரீபார்ட் தாத்தா பதில் பாடவில்லை. சட்டைக் காலரை விலக்கி, கழுத்தில் இல்லாத தாலியை விரலால் மெல்ல மூடினார். கதைப்படி, புருஷன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி அது. என் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

இந்த மாதிரி நாடகங்களை எழுதிய தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் காலமானார். அவருடைய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அச்சில் கிடைக்கின்றன. ஆனால் எந்த வரியை இழுக்க வேண்டும், எங்கே வசனத்தை நிறுத்தி ஹார்மோனியத்துக்கு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. இவர்கள் அதை வாத்தியார் வாயிலிருந்து காதால் வாங்கியவர்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்கூட முழு நாடகத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தார்களாம். தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் காலியாகி, சனங்கள் பட்டணத்துக்குப் போனபோது மேடையும் போயிற்று. பாட்டு மட்டும் இந்த மூவரின் தொண்டையில் தங்கியிருக்கிறது.

கூட்டம் கலைந்த பிறகு ஓர் இளைஞர் கற்றுக்கொள்ள வரட்டுமா என்று கேட்டார். "வாங்க தம்பி. மொதல்ல பாட்டு. அரிதாரம், கிரீடம் எல்லாம் அப்புறம்" என்றார் ஹார்மோனியத் தாத்தா. ஞாயிற்றுக்கிழமை என்று பேசி முடித்தார்கள்.

பேராக்கிலோ கெடாவிலோ உங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு தாத்தா இருந்தால், அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எத்தனை கட்டை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு முன்னால் வரும் வசனத்தையும் விட்டுவிடாதீர்கள்.