கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தாடிப் பல்லி: குளிர்கால நாட்குறிப்பு

நவம்பர் 9, 2024

மகளின் தோழி குடும்பம் அல்பேட்டாவுக்குக் குடிபெயர்கிறது. அவர்கள் வளர்த்த தாடிப் பல்லி இன்று மாலை நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பிராணி. ஊர் வேலியில் தலையாட்டும் ஓணானும் இதுவும் ஒரே குடும்பம். அம்மா கண்ணாடித் தொட்டியை எட்டிப் பார்த்தார். “வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாய், தம்பி. மின்கட்டணம் வரட்டும், பேசிக்கொள்வோம்.”

கூடவே ஒரு சிவப்பு மின்குமிழ், சுருள் வடிவப் புற ஊதா விளக்கு, மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கல். முதலில் கல்லை அகற்றினேன். ஓரிடத்தில் அளவுக்கு மீறிச் சூடேறினாலும் இந்தப் பிராணிகள் விலகாமல் படுத்திருந்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்ளும்.

நவம்பர் 11

“ஜன்னல் ஓரம் வைத்தால் வெயில் படும்தானே, அப்பா?” என்று மகள் கேட்டாள். வெளிச்சம் படும். ஆனால் தோலில் வைட்டமின் டி3 உருவாக வேண்டிய புற ஊதா பி கதிரைக் கண்ணாடி ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். அந்தக் கதிர் கிடைக்காத பல்லிக்கு உணவிலுள்ள கால்சியம் உடம்பில் ஒட்டாது. தாடை ரப்பர்போல் இளகும், கால்கள் வளையும். சாதாரண எல்.ஈ.டி. விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன்: சூட்டுக்கான செலவில் கை வைக்கலாம், புற ஊதாவில் வைக்கக் கூடாது.

நவம்பர் 16

வன்பொருள் கடைக்குப் போனேன். செல்லப்பிராணிக் கடையில் பல்லிப் படம் போட்ட பெட்டியில் விற்கும், வெயில் காய்வதற்கான விளக்கும், இங்கே கூரைக்கும் வாசலுக்கும் வாங்கும் 75 வாட் ஹாலஜன் விளக்கும் செய்வது ஒரே வேலை. விலைதான் மூன்று மடங்கு வித்தியாசம். படத்துக்கு ஏன் காசு கொடுப்பான்? ஹாலஜன் ஒளியோடு வரும் அகச்சிவப்புக் கதிர் தோலைத் தாண்டி உள்ளேயும் இறங்கும். ஒளியில்லாத பீங்கான் சூடேற்றி பெரும்பாலும் மேல்தோலைத்தான் சுடவைக்கும்.

ஒளியைக் கூட்டிக் குறைக்க, மேசை விளக்குக்கான சாதாரண மங்கலாக்கி ஒன்றும் பீங்கான் பிடிமானம் ஒன்றும் வாங்கினேன். பிளாஸ்டிக் பிடிமானம் இந்தச் சூட்டுக்கு உருகிவிடும். இதில் சிக்கனம் பார்த்தால் வீடு எரியும்.

நவம்பர் 17

வீட்டுக்குள் செடி வளர்த்து அலுத்துப்போன ஒருவரிடம் டி5 எனப்படும் மெல்லிய குழல் விளக்குக்கான பழைய சட்டம் கிடைத்தது. பளபளக்கும் பிரதிபலிப்புத் தகடும் இருக்கிறது. 24 வாட் செடிக்குழலும் ஊர்வனவற்றுக்கான 24 வாட் குழலும் ஒரே நீளம் என்பதால் சட்டம் அப்படியே பொருந்தியது. குழலை மட்டும் புதிதாக வாங்கினேன். ஆர்காடியா நிறுவனத்தின் 12 சதவீதப் புற ஊதா பி குழல். மொத்தச் செலவில் பெரிய தொகை இதுதான், ஆனால் மனம் உறுத்தவில்லை. பழைய குழலை யாராவது இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்பேன். கண்ணுக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே புற ஊதா குறைந்துபோயிருக்கும்.

நவம்பர் 23

நிலவறையில் கிடந்த மெலமைன் அலுமாரியைப் படுக்கவைத்து, முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் காற்றுத் துளைகள். 120 சென்டிமீட்டர் நீளம். பலகை சூட்டைப் பிடித்து வைக்கிறது. கண்ணாடித் தொட்டியில் இதே 75 வாட் திணறியிருக்கும். ஹாலஜனைச் சுற்றிக் கம்பிக்கூடு போட்டேன். குழலை உள்ளேயே, வெயில் காயும் இடத்திலிருந்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டினேன். மூடிவலைக்கு மேலே வைத்தால் மூன்றில் ஒரு பங்கு கதிர் வலையிலேயே போய்விடும், சில வலைகளில் அதற்கும் மேல்.

குளியலறை வேலையில் மிஞ்சிய தரை ஓடு, வெயில் காய. அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டினால் ஓட்டில் 41 டிகிரி, மறுகோடியில் 25.

நவம்பர் 24

இன்று முழுக்க வேடிக்கை பார்த்தேன். விளக்கு எரிந்ததும் ஓட்டின் மேல் ஏறி, விலா எலும்புகளை விரித்து, உடம்பை ரொட்டிபோல் தட்டையாக்கி ஒளிப்பக்கம் சாய்த்துக்கொண்டான். முதுகு கரும்பழுப்பு. சூடேற ஏற மணல் நிறத்துக்கு வெளுத்தது. பிறகு வாயைப் பிளந்தபடி அசையாமல் இருந்தான். “மூச்சு முட்டுகிறதா அதற்கு?” என்று அம்மா பதறினார். சூடு போதும் என்றால் இப்படித்தான் வாய்வழியே தணித்துக்கொள்ளும் என்றேன். சற்று நேரத்தில் இறங்கி நிழல் பக்கம் போய்விட்டான். அந்தத் தெரிவுக்காகத்தான் ஒரு கோடி சூடாகவும் மறுகோடி குளிர்ந்தும் இருக்க வேண்டும்.

டிசம்பர் 14

கணக்கு. ஒரு நாளைக்கு 10 மணி நேரம் எரித்தால் ஹாலஜன் மாதம் 22.5 யூனிட், குழல் 7.2 யூனிட். எல்லாம் சேர்த்து நான்கைந்து டொலர். ஒன்ராறியோவில் குளிர்கால வார நாட்களில் காலை 7 முதல் 11 வரை உச்சக் கட்டணம் என்பதால், இவனுடைய சூரியனைத் தானியங்கிக் கடிகாரத்தால் 11 மணிக்கு உதிக்கவைத்து இரவு 9 மணிக்கு மறையவிடுகிறேன். மிச்சம் மாதத்துக்கு அரை டொலர்தான். பெருமை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் மகள் பள்ளியிலிருந்து வரும்போது அவன் விழித்திருக்கிறான்.

இரவில் விளக்கே இல்லை. வீடு 19 டிகிரிக்குக் கீழே போவதில்லை, அவனுக்கு அது போதும். சிவப்புக் குமிழ் குப்பைக்குப் போய்விட்டது.

ஜனவரி 18, 2025

அம்மாவிடம் மின்கட்டணச் சீட்டைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டி இரண்டு தரம் படித்துவிட்டு, “உன் குளியல் வெந்நீருக்குத்தான் கூடுதல் போகிறது” என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் சிறுத்தைப் பல்லி வாங்கப்போகிறாராம். இதே விளக்குகள் போதுமா என்று கேட்டார். அது அந்திப் பொழுதில் நடமாடும் இனம், இவ்வளவு வலுவான குழல் அதற்கு வேண்டாம், வெயில் காயும் தரை ஓடுகூட இவ்வளவு சுட வேண்டியதில்லை. மங்கலாக்கியையும் பீங்கான் பிடிமானத்தையும் மட்டும் அப்படியே வாங்கச் சொன்னேன்.