ஊசிக்கு முன் எடை பார்த்தார்கள்

மகளுக்கு ஆறு வயது. கீழ்க் கடைவாய்ப் பால்பல்லில் சொத்தை ஆழமாக இறங்கி, வேர் சிகிச்சை வரை வந்துவிட்டது. விழப்போகிற பல்தானே, பிடுங்கிவிடலாம் என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். அந்தப் பல் விழப் பத்து, பதினோரு வயது ஆகும், அதுவரை கீழே வளரும் பல்லுக்கு இடம் காக்க வேண்டும் என்று குழந்தைகள் பல் மருத்துவர் சொன்னதும் சரி என்றோம்.

எனக்குப் பயமெல்லாம் மரத்துப்போகும் ஊசியை நினைத்துத்தான். அந்த டாக்டர் அம்மா முதலில் செய்தது மகளை எடை மெஷினில் நிற்கவைத்தது. 16 கிலோ. அலர்ஜி, வலிப்பு, இதயக் கோளாறு உண்டா என்று கேட்டுவிட்டு, கணக்கை எனக்கே போட்டுக் காட்டினார். மரத்துப்போக வைக்கும் மருந்தான லிக்னோகெயின் கிலோவுக்கு 4.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதாம்; இவளுக்கு 70 மில்லிகிராம். இரண்டு சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருப்பதால், மூன்றரை மில்லிதான் எல்லை. பெரியவர்களுக்குப் போடும் அளவு சின்ன உடம்பில் சீக்கிரம் எல்லையைத் தொட்டுவிடும். மிஞ்சினால் மூளையையும் இதயத்தையும் பாதிக்கும், வலிப்புகூட வரலாம். அதனால்தான் வாயின் எல்லாப் பற்களையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள் என்றார். ஊசிக்கு முன் ஈறில் தடவிய மரத்துப்போகும் ஜெல்லையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அது எனக்குப் புதுச் செய்தி.

"பல்லைத் தூங்கவைக்கப் போறேன், கண்ணு" என்று பேச்சுக் கொடுத்தபடி, ஊசி ரத்தக்குழாயில் இல்லை என்று பின்னிழுத்துப் பார்த்து, மெல்ல மெல்லச் செலுத்தினார். கொஞ்சம் கண்ணீர் வந்தது, அவ்வளவுதான். மொத்தம் ஒன்றரை மில்லி போதுமானதாக இருந்தது.

உண்மையில் சிரமம் அதற்கப்புறம்தான். பல்லுக்கு வேலை முடிந்தும் உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். குழந்தைகள் அது தெரியாமல் கடித்துக் குதறிவிடுவார்கள். மறுநாள் வீங்கி வெள்ளையாகத் தெரியும் அந்தப் புண்ணைச் சீழ் என்று நினைத்துப் பலர் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதும் நடக்கிறதாம். மகள் உதட்டைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து கதை சொன்னேன். உணர்வு முழுக்கத் திரும்பும்வரை மெல்லுகிற எதையும் தரவில்லை. எடைக்கேற்ற பாராசிட்டமாலை மட்டும், வலி தலைதூக்கும் முன்பே கொடுக்கச் சொல்லியிருந்தார், கொடுத்தோம்.