பந்தய சீசனில் கேட் தேர்வுக்குப் படித்த கதை

ஜனவரி இரண்டாவது ஞாயிறு. கோத்தகிரி பக்கம் ஓட்டமும் சைக்கிளும் சேர்ந்த ஒரு பந்தயம். தேயிலைத் தோட்டத்து இறக்கத்தில், சில்வர் ஓக் மரத்து வேரில் முன்சக்கரம் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். எழுந்ததும் கையைப் பார்க்கவில்லை, செயினைத்தான் பார்த்தேன். அது சரியாக இருந்தது, ஏறி மிதித்துவிட்டேன். கட்டைவிரல் அடியில் வீங்கியிருப்பது கடைசி ஓட்டத்தில்தான் தெரிந்தது. எம்.டெக் சேர்வதற்காக எழுதும் கேட் (GATE) நுழைவுத் தேர்வுக்கு அப்போது 3 வாரம் இருந்தது.

வேலையில் இருந்துகொண்டே கேட் எழுத நினைப்பவர்களில், விளையாட்டையும் விட முடியாதவர்கள் சிலர் இருப்பீர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இதில் பாதி கிறுக்குத்தனமாகத் தெரியலாம்.

நான் மெக்கானிக்கல். கோவையில் ஒரு ஃபவுண்டரியில், அதாவது உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலையில், தர ஆய்வுப் பிரிவில் வேலை. முதல் முறை கேட் எழுதியபோது 6 மாதம் ஓட்டம், சைக்கிள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்தேன். மிச்சமாகும் நேரம் படிப்புக்குப் போகும் என்று ஒரு கணக்கு. போகவில்லை. வேலை முடிந்து வந்து படுத்தபடி போனைப் பார்ப்பேன். 10 மணிக்குக் குற்ற உணர்வோடு நோட்டைத் திறந்து 1 மணி வரை விழித்திருப்பேன். மறுநாள் தூங்கி வழிவேன். கிடைத்தது 34 மதிப்பெண், கூடியது 6 கிலோ எடை.

விடைக்குறிப்பு வந்ததும் உட்கார்ந்து பார்த்தேன். தப்பாகப் போட்ட எம்சிக்யூக்களால் (கொடுத்த விடைகளில் சரியான ஒன்றை மட்டும் குறிக்கும் கேள்விகள்) மட்டும் 9 மதிப்பெண் கழிந்திருந்தது. 1 மதிப்பெண் கேள்வி தப்பானால் மூன்றில் ஒரு பங்கும், 2 மதிப்பெண் கேள்வி தப்பானால் மூன்றில் இரண்டு பங்கும் போய்விடும். இதில் ஒரு கூத்து வேறு. வார்ப்படக் கேள்வி ஒன்றைத் தப்பாகப் போட்டிருந்தேன். உருகிய உலோகம் உறைய ஆகும் நேரம், கனஅளவைப் பரப்பால் வகுத்து வருவதன் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஃபவுண்டரியில் தினமும் அந்த வகுத்த எண்ணை ‘மாடுலஸ்’ என்று சொல்லியே பழகியதால் வர்க்கத்தை மறந்துவிட்டேன். தெரிந்த பாடம் என்று வேகமாகத் தாண்டும் இடம்தான் ஆபத்து.

இரண்டாவது முறை வேறு மாதிரி செய்தேன். செப்டம்பரில் கேட்டுக்கு விண்ணப்பித்த கையோடு 4 பந்தயங்களுக்கும் பணம் கட்டினேன். எல்லாம் மண்பாதைப் பந்தயங்கள்: 5 கிலோமீட்டர் ஓட்டம், 20 கிலோமீட்டர் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்), மறுபடி 2.5 கிலோமீட்டர் ஓட்டம். உலக டிரையத்லான் அமைப்பின் விதிகளில் இதற்குப் பெயர் கிராஸ் டூயத்லான். எங்கள் குழுவில் வெறும் ‘ரன்-பைக்-ரன்’.

உடற்பயிற்சி செய்தால் மூளை கூர்மையாகும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆனதாகத் தெரியவில்லை. எனக்கு உதவியது படுக்கும் நேரம். காலை 5 மணிக்கு ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் 2 பேர் எனக்காகக் காத்திருப்பார்கள். அதனால் 9.45-க்குப் படுத்தே ஆக வேண்டும். அதனால் 7 மணிக்குப் படிக்க உட்கார்ந்தே ஆக வேண்டும். இரவு இன்னும் நேரம் இருக்கிறது என்ற சாக்கு போய்விட்டது. இரண்டரை மணி நேரம்தான், ஆனால் தினமும். சனிக்கிழமை நீண்ட சைக்கிள் பயணம் ஆனைகட்டி, தடாகம் பக்கம். யானை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் நன்றாக விடிந்த பிறகுதான் கிளம்புவோம், தனியாக யாரும் போவதில்லை, வனத்துறை அனுமதி இல்லாத பாதைக்குள் நுழைவதுமில்லை.

மாதிரித் தேர்வை எங்கே வைப்பது என்பதில் 2 மாதம் வீணாக்கினேன். முதலில் சனிக்கிழமை சைக்கிள் ஓட்டிவிட்டு அன்று மதியமே எழுதினேன். பாடம் மறக்கவில்லை. கூட்டல் கழித்தலில், அலகு மாற்றுவதில்தான் சறுக்கியது. மில்லிமீட்டரை மீட்டராக்க மறந்து ஒரே தாளில் 3 கேள்விகள் போயின. அப்புறம் ஞாயிறு காலை 9.30-க்கு மாற்றினேன். கேட்டின் காலை அமர்வு தொடங்கும் நேரமும் அதுதான். பந்தயம் உள்ள வாரத்தில் மாதிரித் தேர்வே வேண்டாம்.

பந்தயங்களில் கற்றுக்கொண்டதில் தேர்வு அறைக்கு நேராக வந்தது ஒன்று உண்டு. ஓட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும் இடத்தில், ஹெல்மெட் கொக்கியை மாட்டிய பிறகுதான் சைக்கிளை நகர்த்த வேண்டும். அவசரத்தில் மறந்தால் தண்டனை. முதல் பந்தயத்தில் எனக்கும் கிடைத்தது. கேட் தாளில் எம்சிக்யூ, எம்எஸ்கியூ (ஒன்றுக்கு மேல் சரியான விடை இருக்கலாம்), எண்விடை (விடையை எண்ணாக உள்ளிட வேண்டும்) என 3 வகைக் கேள்விகள் வரும். பின்னிரண்டுக்கும் நெகட்டிவ் மதிப்பெண் கிடையாது. எம்எஸ்கியூவில் சரியானவை எல்லாவற்றையும் குறித்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி தரமாட்டார்கள். ஆகவே கேள்வியைப் படிக்கும் முன் அது எந்த வகை என்று பார்ப்பதை என் ஹெல்மெட் கொக்கியாக வைத்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் வர 10 மாதிரித் தேர்வுகள் ஆயின.

சைக்கிள் பக்கத்துக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் சூலூர் தாண்டி ஒரு பந்தயம். முந்தின இரவு மழை, கரிசல் மண். சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மண் அப்பி சக்கரம் சுற்றவே மறுத்தது. குச்சியால் தோண்டித் தோண்டி, பாதி தூரம் தோளில் தூக்கிப் போனேன். காய்ந்த நாளில் போனால் நெருஞ்சி முள். டியூபை நம்பாமல் டியூப்லெஸ்ஸுக்கு மாறி, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தை ஊற்றிவிடுங்கள். 68 கிலோ எடைக்கு எனக்கு 24 பிஎஸ்ஐ காற்று சரியாக இருந்தது. தனி ஷூவை மாட்டிப் பூட்டும் கிளிப் பெடல் வேண்டாம். தட்டையான பெடல் இருந்தால் ஓடிய ஷூவோடு அப்படியே ஏறலாம், மாற்றும் நேரம் மிச்சம்.

சரி, கைக்கு வருகிறேன். எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. ஆனால் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் உள்ள ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு முறிந்தால் முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம் என்று சொல்லி, கட்டைவிரலோடு சேர்த்து, கையை அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட் போட்டுவிட்டார் மருத்துவர். 10 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே. அம்மா பார்த்துவிட்டு, “கைய ஒடிச்சுக்கிட்டு வந்து நிக்கறயே கண்ணு, பரிச்சைய காலுலயா எழுதுவ?” என்றார்.

அந்தக் கேள்வி வேடிக்கையில்லை. கேட் கணினித் தேர்வு, ஆனால் கீபோர்டைத் தொடக்கூடாது. கால்குலேட்டர் திரையில்தான் இருக்கும், அதையும் மவுஸால்தான் அழுத்த வேண்டும். எண்விடையைக்கூடத் திரையில் உள்ள எண்பலகையில்தான் உள்ளிட வேண்டும். 3 மணி நேரத்தில் 65 கேள்விகள், அத்தனைக்கும் மவுஸ். மறுநாளே இடது கைக்கு மவுஸை மாற்றினேன். முதல் மாதிரித் தேர்வில் 14 கேள்விகளைத் தொடவே முடியவில்லை. பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்துக் கணக்குப் போட்டேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் எனக்குப் புரிந்தது. திரையில் வரும் கால்குலேட்டரை முதல் நாளிலிருந்தே பயன்படுத்திப் பழகியிருந்ததுதான் காப்பாற்றியது. நீங்களும் கைக்கால்குலேட்டரை அலமாரியில் பூட்டிவிடுங்கள்.

இரண்டாவது எக்ஸ்ரேயிலும் முறிவு இல்லை, வெறும் சுளுக்குத்தான். ஆனாலும் ஸ்பிளின்ட்டோடுதான் தேர்வுக்குப் போனேன். அந்த ஜனவரிப் பந்தயத்துக்கு நான் போயிருக்கவே கூடாது. குழுவில் மூத்தவர் ஒருவர் டிசம்பரிலேயே சொன்னார், “தம்பி, ஓடறதுன்னா ஓடு. இறக்கத்துல மட்டும் சைக்கிள் வேண்டாம்.” பணம் கட்டியாயிற்று என்று பதில் சொன்னேன். பிப்ரவரியில் தேர்வு என்றால் டிசம்பர் பாதியோடு சைக்கிள் பந்தயத்தை நிறுத்துங்கள். அதன்பின் சமதரை ஓட்டம் போதும்.

மார்ச்சில் முடிவு வந்தது, 53 மதிப்பெண். எம்.டெக் சேர்ந்துவிட்டேன். அறைக்குள் சைக்கிள் வைக்க அனுமதி இல்லை என்பதால் விடுதி மாடிப்படிக்குக் கீழே பூட்டி வைத்திருக்கிறேன். நவம்பரில் ஒரு பந்தயம் இருக்கிறது. செமஸ்டர் தேர்வு அட்டவணை இன்னும் வரவில்லை, அதனால் பணம் கட்டவில்லை.