நாற்பது வயதில் அல்ஜீப்ரா: பகுதிநேர டிப்ளோமாவின் முதல் பருவம்

வேலை பார்த்துக்கொண்டே பலதுறைத் தொழிற்கல்லூரியில் பகுதிநேர டிப்ளோமா சேரலாமா என்று யோசிக்கும் தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அண்ணே, கணக்கைச் சமாளிக்க முடியுமா?” முடியும். எந்த இடத்தில் கால் இடறும் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி பாரம் குறையும்.

நான் கட்டடப் பராமரிப்பில் மின் தொழில்நுட்பர். உயர்நிலைப் பள்ளியில் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு, அப்புறம் ஐடிஇ என்ற தொழில்நுட்பக் கல்விக் கழகம், அப்புறம் நேராக வேலை. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சி உதவிக் கணக்கில் 4,000 வெள்ளி போட்டார்கள். இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குச் சொல்லி வந்த ஒரு காரணம் அதோடு போனது. சேர்ந்துவிட்டேன். முதல் பருவத்திலேயே பொறியியல் கணிதம். சூத்திரங்களை மாற்றி எழுதுவது, இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பது, இருபடிச் சமன்பாடு, அடுக்குகள், லாக் எனப்படும் மடக்கை. முழுக்க அல்ஜீப்ராதான்.

வகுப்பில் என் வயதுக்காரர்கள் எல்லாரும் பயந்தது லாக்குக்கு. பெயரே புதிது என்பதால் அந்தப் பயம். உண்மையில் எங்களை நிறுத்தி வைத்தவை பின்னமும் கழித்தல் குறியும். அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு கழித்தல் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு குறியும் மாற வேண்டும். இது உயர்நிலை 1, 2 பாடம். விரிவுரையாளர் அதை விளக்க மாட்டார், தெரியும் என்றே வைத்துக்கொண்டு இரண்டு வரியை ஒரே வரியாகத் தாண்டிப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது, இரவு வகுப்பில் அவருக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். தாண்டிப்போன வரியை நாம்தான் நிரப்ப வேண்டும். நான் கடைசி வரை ஒரு வரிக்கு ஒரு மாற்றம் என்றுதான் எழுதினேன். பக்கத்து இருக்கைப் பையன் மூன்று வரியில் முடிப்பது எனக்கு எட்டு வரி பிடிக்கும். பரவாயில்லை, வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு.

வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பக்க இணைப்பில் இரண்டு மின்தடைகள், ஒன்று 6 ஓம், இன்னொன்று 3 ஓம். மொத்தத் தடையின் தலைகீழ், அந்த இரண்டின் தலைகீழ்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். இதைக் கொடுத்தால் பின்னத்தில் தடுமாறுகிறவர்கள் எல்லாவற்றையும் அப்படியே புரட்டிப்போட்டு 9 ஓம் என்று எழுதிவிடுவார்கள். மின்வேலை செய்கிறவனுக்கு அந்த விடையைப் பார்த்ததுமே உறுத்தும். பக்க இணைப்பில் மொத்தத் தடை, இருப்பதிலேயே சிறிய தடையைவிடக் குறைவாகத்தான் வரும். 3-க்குக் கீழே வந்தாக வேண்டும். அப்போது திரும்பிப் போய் ஆறில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் முறைப்படி கூட்டினால் இரண்டில் ஒன்று வரும். அதைத் தலைகீழாக்கினால் 2 ஓம். கை பழகிய விஷயம், காகிதத்தில் இருக்கும் கணக்கைச் சரிபார்த்துத் தருகிறது. லாக்கும் இப்படித்தான் எனக்கு வசப்பட்டது. பம்ப் அறைச் சத்தத்தை அளக்கும் மீட்டர் காட்டுவது டெசிபெல். ஒலியின் திறன் இரட்டிப்பானால் அளவு சுமார் 3 டெசிபெல்தான் கூடும். 2-க்கு லாக் 0.3010, அதைப் பத்தால் பெருக்கினால் அந்த 3.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் தொடக்கநிலை 5 படிக்கும் என் மகளைத்தான் சொல்வேன். இங்கே பிள்ளைகளுக்கு வார்த்தைக் கணக்கைக் கட்டம் போட்டுத் தீர்க்கச் சொல்லித் தருகிறார்கள். 1980களில் கல்வி அமைச்சு உருவாக்கிய முறை அது. அவள் புத்தகத்தில் ஒரு கணக்கு: தம்பியிடம் இருப்பதைப் போல் மூன்று மடங்கும், அதற்கு மேல் 20 வெள்ளியும் அண்ணனிடம் இருக்கிறது, இருவரிடமும் சேர்த்து 180 வெள்ளி. தம்பிக்கு ஒரு கட்டம் போட்டாள், அண்ணனுக்கு மூன்று கட்டமும் ஒரு சின்னத் துண்டும். “அப்பா, முதல்ல இந்த 20-ஐ வெட்டிடணும்” என்று பென்சிலால் அந்தத் துண்டை அடித்தாள். மீதி 160, நான்கு யூனிட், ஒரு யூனிட் 40.

நான் எக்ஸ் வைத்து எழுதியதும் அதே கணக்குதான். “20 அந்தப் பக்கம் போனால் கழித்தல் ஆகும்” என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். எதுவும் எங்கேயும் போகவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே அளவை வெட்டுகிறோம், அவ்வளவுதான். இது விளங்கியபின் எவ்வளவு நீளமான சூத்திரத்தைக் கொடுத்தாலும் நிதானமாக மாற்றி எழுத முடிந்தது.

படம் போடும் பழக்கம் இருபடிச் சமன்பாட்டிலும் கைகொடுத்தது. வர்க்கப் பூர்த்தி என்ற பகுதியை வெறும் படிகளாகப் படித்தால் மனதில் நிற்காது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி இதைச் சதுரம் வரைந்தே விளக்கியிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட கணக்கு: ஒரு சதுரத்தின் பரப்போடு அதன் பக்கத்தைப் போல் 10 மடங்கைக் கூட்டினால் 39. கட்டத்தாளில் ஒரு சதுரம் வரையுங்கள். 10-ஐப் பாதியாக்கி, 5 அகலத்தில் ஒரு பட்டையை வலப்பக்கமும் இன்னொன்றைக் கீழேயும் ஒட்டுங்கள். மூலையில் 5-க்கு 5 என்று ஓர் இடம் காலியாக இருக்கும். அந்த 25-ஐ நிரப்பினால் முழுச் சதுரம், பரப்பு 64, பக்கம் 8. அதில் 5 போனால் 3. “பாதியாக்கி வர்க்கம் எடுத்துக் கூட்டு” என்ற விதி எங்கிருந்து வருகிறது என்று அந்தக் காலி மூலையைப் பார்த்தாலே புரியும். எதிர்ம விடை படத்தில் தெரியாது, அதற்குச் சமன்பாட்டுக்கே திரும்ப வேண்டும்.

படிக்க இடம் தேடுபவர்களுக்கு: வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நூலகம்தான் வழி. வார இறுதியில் உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் இடம் பிடிக்க, திறக்கும் நேரத்துக்கே போய்விடுவேன். எம்ஆர்டி ரயிலில் கணக்குப் போட முயன்று விட்டுவிட்டேன்; நின்றுகொண்டு படிக்கச் சூத்திர அட்டைகள் போதும். கால்குலேட்டரில் ஒன்றைக் கவனியுங்கள்: கழித்தல் 3-இன் வர்க்கத்தை அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால் கழித்தல் 9 என்று காட்டும். அடைப்புக்குறிக்குள் போட்டால்தான் 9.

பாடத்தில் தேர்ச்சி கிடைத்தது, நல்ல மதிப்பெண்ணோடு. சேர்வதாக முடிவு செய்துவிட்டால், வகுப்பு தொடங்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். பிராஸ் பாசா வளாகத்துக் கடைகளில் உயர்நிலை 1, 2 கணிதப் பயிற்சிப் புத்தகங்கள் கிடைக்கும். பின்னம், குறிகள், அடைப்புக்குறி விரிப்பது, காரணிப்படுத்துவது, இந்த நான்கையும் மட்டும் போட்டுப் பழகுங்கள். லாக்கை விரிவுரையாளர் பார்த்துக்கொள்வார்.