வைக்கோலைக் கழற்றிக் கொடுத்தவன்

நம் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலுக்கு வரும் பிள்ளைகள் இப்போது ஓஸ் நாட்டுச் சூனியக்காரியின் கதையான 'விக்கிட்' பற்றித்தான் கதைக்கிறார்கள். 2006 முதல் லண்டன் அப்பலோ விக்டோரியா அரங்கில் இசை நாடகமாக ஓடுவது, 2024இலும் 2025இலும் இரண்டு பாகமாகப் படமாகவும் வந்துவிட்டது. அதில் வரும் வெருளியை, அதுதான் வயலில் காகம் விரட்ட நிறுத்தும் வைக்கோல் பொம்மையை, நான் முதலில் சந்தித்தது நம் கல்லூரியில், ஏழாம் வகுப்பில். ஆங்கில ரீச்சர் கடைசிப் பாடத்தில் ஓஸ் நாட்டுக் கதையை வாசித்து, அப்படியே தமிழிலும் சொல்லிக்கொண்டு போவார்.

பிராங் போம் 1900இல் எழுதிய கதை. மூளை இல்லையே என்று ஏங்குகிற வெருளி, ஓஸ் நாட்டு மந்திரவாதியிடம் அதைக் கேட்டு வாங்க டொறதி என்ற சிறுமியோடு புறப்படுகிறான். அவனுக்கு உலகத்திலே ஒரே பயம் நெருப்பு. காட்டில் டொறதி நெருப்பு மூட்டிய இரவு, அவன் தள்ளியே நின்று அவளுக்காகக் கூடை நிறையக் கொட்டைகள் பொறுக்கினான். அவள் படுத்ததும் சருகால் போர்த்திவிட மட்டும் கிட்ட வந்தான்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் சூனியக்காரி கருந்தேனீக்களை ஏவிவிடுகிறாள். உடனே வெருளி, கூட வரும் தகர உடம்புக்கார மரவெட்டியிடம், தன் வைக்கோலை எடுத்து டொறதி, நாய், சிங்கம் மூவரையும் மூடச் சொல்கிறான். தேனீக்கள் தகரத்தில் கொட்டிக் கொடுக்கு முறிந்து சாகின்றன. பிறகு டொறதியும் மரவெட்டியும் அவனைத் திரும்ப அடைத்து எழுப்புகிறார்கள். ரீச்சர் அந்த இடத்தில் நிறுத்திக் கேட்டார்: "பிள்ளையள், மூளை இல்லை எண்டு கவலைப்படுறவன்தானே இந்த யோசனையைச் சொன்னவன்?" வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுவரை எங்களுக்கு அது தோன்றவேயில்லை.

புதிய கதைகள் அவனுக்குள்ளே ஒரு மனிதனைத் தேடுகின்றன. கிரெகரி மக்வயர் 1995இல் எழுதிய 'விக்கிட்' நாவலில், இறந்துபோன காதலன் பியேரோதான் வெருளி வேடத்தில் வருகிறானோ என்று அந்தச் சூனியக்காரி எல்பபா ஏங்குகிறாள். உள்ளே வெறும் வைக்கோல்தான். இசை நாடகமோ அந்த ஏக்கத்தை நிறைவேற்றிவிடுகிறது. காவலர் பியேரோவைக் கம்பத்தில் கட்டி வதைக்கக் கொண்டுபோக, அவன் உடம்பு நோகக்கூடாது என்று அவள் மந்திரம் சொல்கிறாள், அவன் வெருளியாகிறான். சிந்திக்காமல் வாழ்வதே சுகம் என்று ஆடித்திரிந்த இளவரசன் அவன். அந்தப் பொருத்தத்தை மேடையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, உண்மை.

ஆனாலும் என் மனம் போமின் வெருளியோடுதான் நிற்கிறது. பியேரோ காதலித்தவளுக்காகத் துணிந்தான். போமின் வெருளிக்கு அப்படி ஒரு முன்கதையும் கிடையாது. டொறதியைக் காண்பதற்கு இரண்டு நாள் முன்னர்தான் ஒரு கமக்காரன் அவனைச் செய்தான். அவ்வளவு குறுகிய ஆயுளில் அவனுக்கு அந்தக் கனிவு எங்கிருந்து வந்தது என்று போம் விளக்கவே இல்லை. அவர் விளக்காமல் விட்டதுதான் எனக்குப் பிடிக்கும். படம் பார்த்த பேரப்பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அந்தப் பன்னிரண்டாம் அத்தியாயத்தை ஒருநாள் வாசித்துக் காட்டுங்கள். தேனீக்கள் வரும் இடத்தில் ரீச்சரின் கேள்வியையும் கேளுங்கள்.