பேரூராட்சி எல்லைக்கு இப்பாலும் அப்பாலும்

குமரி மாவட்டத்தின் வீட்டுப் பஞ்சம் சாலையில் போகிறவர் கண்ணில் எளிதில் படாது. சென்னையின் ஆற்றங்கரைகளில் இருப்பது போன்ற நெருக்கமான குடிசை வரிசை இங்கே மிகக் குறைவு. ரப்பர் விளையின் (தோட்டத்தின்) ஓரத்திலும் தென்னந்தோப்புக்குப் பின்னாலும் மூன்று நான்கு சென்ட் புரையிடத்தில் (வீட்டு மனையில்) ஓட்டைவிழுந்த ஓடும், அதன்மேல் இழுத்துக் கட்டிய தார்ப்பாயுமாகத் தனித்தனியே நிற்கும் வீடுகள்தான் எங்கள் ஊரின் குடிசைகள். நிலம் அவர்களுடையது, கட்டப் பணம் இல்லை என்பதே அவர்களுடைய குறை.

நகர்ப்புறத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு வீடு கட்ட உதவும் பொறுப்பு தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையது. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் இப்பெயரைப் பெற்ற இந்த நிறுவனத்தை நம்மில் பலர் அடுக்குமாடிக் குடியிருப்புகளோடு மட்டுமே சேர்த்து நினைக்கிறோம். சென்னையின் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் அந்த நினைப்பை உறுதிப்படுத்திவிட்டன. பிழைப்பு ஓரிடம், வீடு இன்னோரிடம் என்று மக்களைப் பிரித்த அந்தக் குடியேற்றங்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் அதே வாரியம், சொந்த இடம் உள்ள ஏழைக்கு மானியம் கொடுத்து அவரையே வீடு கட்ட வைக்கும் பணியையும் செய்கிறது. அதைப் பற்றிப் போதிய அளவு யாரும் பேசவில்லை. சிதறிக் குடியிருப்பதே வழக்கமாகிப்போன எங்கள் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

2015-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின்கீழ் ஒரு வீட்டுக்கு மத்திய அரசு 1.50 லட்சமும் மாநில அரசு 60,000 ரூபாயும் என மொத்தம் 2.10 லட்சம் கிடைத்தது. 2024-இல் வந்த இரண்டாம் கட்டத்தில் உதவித்தொகை 2.50 லட்சம் வரை உயர்ந்தது. அதே 2024-இல் ஊரகப் பகுதிகளுக்கென மாநில அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலோ 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம். இந்த வேறுபாடு மற்ற மாவட்டங்களில் ஓரளவு நியாயமாகக்கூடப் படலாம், குமரியில் படவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தினர். குலசேகரமும் திற்பரப்பும் கடையலும் பொன்மனையும் பேரூராட்சிகள், ஆகவே நகர்ப்புறம். அங்கே விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர் அரசுக் கணக்கில் நகரவாசி. ஓடையைத் தாண்டினால் ஊராட்சி. அங்கே அதே விளையில் அதே கூலிக்கு வேலை செய்கிறவருக்கு அரசு கொடுக்கும் தொகை வேறு. சிமெண்டும் கம்பியும் எம்.சாண்டும் இருவருக்கும் ஒரே விலைதான். கொத்தனார் கூலியும் ஒன்றுதான். எல்லைக்கு இப்பாலுள்ளவருக்கு மட்டும் தொகை குறைவதற்குக் காரணம் சொல்ல யாராலும் முடியாது.

தொகையைவிட அது கைக்கு வரும் முறை முக்கியமானது. அடித்தளம், லிண்டல், கூரை, பணி நிறைவு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு, படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகே தவணை வங்கிக் கணக்கில் ஏறும். பணம் வேறு வழியில் போய்விடாமல் காக்கும் ஏற்பாடு என்பது உண்மை. ஆனால் அடித்தளம் போடுவதற்கான முதல் பணம் எங்கிருந்து வரும்? எங்கள் தெருவில் அண்டியாபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போகும் ஓர் அக்கா, சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடனிலும் கம்மலை அடகு வைத்த பணத்திலும்தான் அடித்தளத்துக்கு வானம் தோண்டினார். பழைய வீட்டைப் பிரித்தாயிற்று. பிள்ளைகளோடு தம்பி வீட்டுத் திண்ணையில் இருப்பு. லிண்டல் மட்டத்தில் வேலை நின்றபோது இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துக்கொண்டது. நீட்டி நின்ற கம்பிகளில் துரு ஏற, அவர் பழைய சாக்குகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு கம்பியையும் சுற்றிக் கட்டினார். “தளம் போட்டாச்சுன்னா போதும் மக்கா, பூச்செல்லாம் மெள்ளப் பாத்துக்கிடலாம்” என்று அவர் சொன்னதில் ஒரு குறைகூறலும் இல்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. இங்கே கட்டட வேலைக்கு ஏற்ற மாதங்கள் சில மட்டுமே. முதல் தவணையை முன்பணமாகத் தந்து, மார்கழி தையில் வேலை தொடங்கும்படி ஆணை வழங்கினால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும்.

கடற்கரையின் நிலை வேறு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் சூறையாடிய பின், அரசும் தொண்டு நிறுவனங்களும் கட்டிக்கொடுத்த வீடுகளில் அன்றைய குழந்தைகள் இன்று பெற்றோராகிவிட்டனர். ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருக்கும்போது, அவர்களிடம் சொந்த இடம் எங்கே என்று கேட்பது பொருந்தாது. வள்ளமும் வலையும் கரையில் இருக்க, மீனவரைக் கரையை விட்டுத் தொலைவுக்கு அனுப்புவதும் பொருந்தாது. கரையோர ஊர்களிலேயே புறம்போக்கு நிலத்தைக் கண்டறிந்து தாழ்வான மாடிக் குடியிருப்புகள் கட்டுவதை வாரியம் முதன்மைப் பணியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாத்தாவின் பெயரிலேயே கிடக்கும் கூட்டுப் பட்டாதான் நம் ஊரில் பெரிய முட்டுக்கட்டை. ஆகவே பயனாளிப் பட்டியல் வரட்டும் என்று காத்திருக்காமல், உடன்பிறந்தாரோடு பேசிப் பாகப் பிரிவினைப் பத்திரத்தைப் பதிவுசெய்து, உட்பிரிவு அளந்து தனிப்பட்டா பெற இப்போதே விண்ணப்பியுங்கள். வாரிசுச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். வீட்டுப் பெண்ணின் பெயரிலோ அவரையும் சேர்த்த கூட்டுப் பெயரிலோ பட்டா இருந்தால் பிறகு அலைச்சல் குறையும்.